மொமோட்டா எதை வீணடித்தார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஓய்வு பெற்ற பேட்மின்டன் வீரர்கள் பற்றிய தொகுப்பில் கென்டோ மொமோட்டாவுக்கும் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதன் கடைசி வரி, 'ஒலிம்பிக் பதக்கம்கூட இல்லாமல், திறமையை வீணடித்துவிட்டு ஒதுங்கியவர்.' போகட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் நான் ஷட்டில் சொல்லிக்கொடுக்கும் கோர்ட்டில் ஒரு பையன் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து, "சார், இவர் அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டான். அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது?

தங்களுக்குத் தெரியாததில்லை. 2019-ல் ஒரே ஆண்டில் 11 பட்டம் வென்றவர் மொமோட்டா. ஆண்கள் ஒற்றையரில் ஒரே சீசனில் அத்தனை பட்டம் அதற்கு முன் யாரும் வென்றதில்லை. பேட்மின்டனின் பெரிய போட்டிகளில் ஒன்றான ஆல் இங்கிலாந்தில் ஆண்கள் ஒற்றையரை வென்ற முதல் ஜப்பானியரும் அவர்தான். உலக சாம்பியன்ஷிப்பை 2018-ல் நான்ஜிங்கிலும் 2019-ல் பாசலிலும் அடுத்தடுத்து ஜெயித்தார். பாசல் இறுதிப் போட்டியில் ஆன்டர்ஸ் ஆன்டன்சனை 21-9, 21-3 என்று முடித்தார். உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஒரு செட்டுக்கு 3 புள்ளி! அந்த ஆட்டத்தில் அவர் வலைக்கருகே வைத்த டிராப்களை இன்றும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். தூக்கி அடிக்கப்போகிறவர் மாதிரியே ராக்கெட்டை நீட்டுவார். எதிராளியின் கால் பின்னால் நகர்ந்த பிறகுதான் ஷட்டிலைத் தொடுவார், அது வலையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழும். இதைத்தான் வீணடித்தது என்கிறீர்களா?

சூதாட்ட விவகாரத்தை நான் மறைக்கவில்லை. 2016 ஏப்ரலில் டெல்லியில் இந்தியா ஓப்பனை ஜெயித்துவிட்டுப் போன சில நாட்களிலேயே, சட்டவிரோத சூதாட்ட விடுதிக்குப் போன விஷயம் வெளியே வந்தது. தவறுதான். பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார், தடை வாங்கினார், ரியோ ஒலிம்பிக் போனது. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், 2017-ல் 200-க்கும் கீழே இருந்து சின்னச் சின்னப் போட்டிகளில் மறுபடி ஆட ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே உலக சாம்பியன். தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டு உழைத்து மேலே வந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, பாதிக் கதையோடு நிறுத்துவது நியாயமா?

அவர் பட்டதை எல்லாம் எழுத உங்களுக்கு இடம் இருந்திருக்காது. ஃபுகுஷிமாவில் டோமியோகா என்ற ஊரில் பள்ளியில் படித்தவர். 2011 மார்ச்சில் பூகம்பம் வந்தபோது பயிற்சிக்காக இந்தோனேசியாவில் இருந்தார். அணு உலை விபத்தால் ஊரையே காலி செய்தார்கள். பள்ளியின் பேட்மின்டன் அணி இனாவஷிரோவுக்கு இடம் மாறித்தான் பயிற்சியைத் தொடர்ந்தது. அங்கிருந்து போய் 2012-ல் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார்.

விபத்தைப் பற்றியாவது ஒரு சொல் சேர்த்திருக்கலாம். 2020 ஜனவரியில் மலேசியா மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற மறுநாள் விடிகாலை, கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் அவர் வந்த வேன் லாரியில் மோதியது. ஓட்டுநர் இறந்துபோனார். மொமோட்டாவுக்கு முகத்தில் அடி. ஜப்பான் திரும்பிப் பயிற்சியில் இறங்கிய பிறகு ஷட்டில் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. கண்குழி எலும்பு உடைந்திருந்தது அப்போதுதான் தெரிந்து, அறுவை சிகிச்சை செய்தார்கள்.

இது எப்பேர்ப்பட்டது என்று எனக்குத் தெரியும். இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கருகே நின்றபோது எதிரணியின் ஸ்மாஷ் நேராக என் இடது கண்ணில் பட்டது. பார்வை திரும்பிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், விளக்குக்கு நேரே இறங்கும் ஷட்டிலில் எனக்கு இரண்டு கார்க் தெரியும். எதை அடிப்பது என்று யோசிப்பதற்குள் அது தோளில் வந்து விழும். கண் சரியான பிறகும் வலைக்குப் பக்கத்தில் போனால் தலை தானாகவே பின்வாங்கும். உள்ளூர் கிளப்பில் ஆடும் எனக்கே இப்படி. உலகத்தின் முதல் நிலை ஆட்டக்காரருக்கு அரை அங்குலம் தப்பினால் பாயின்ட் போய்விடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் தரநிலையோடு வந்து, தென் கொரியாவின் ஹியோ குவாங்-ஹியிடம் 15-21, 19-21 என்று தோற்றாரே, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வரி போட்டிருந்தால் பக்கம் நிரம்பி வழிந்திருக்காது. மனசும் உடம்பும் ஒத்துப்போகவில்லை என்று 2024-ல் ஓய்வை அறிவித்தபோது அவரே சொன்னார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2022 உலகப் போட்டியில் நம் பிரணாய் அவரை வென்றபோது உங்கள் தலைப்பு 'உலக சாம்பியனைச் சாய்த்தார் பிரணாய்'. பிரணாயின் வெற்றி எனக்கும் பெருமைதான். நம் ஆள் ஜெயிக்கும் அன்று உலக சாம்பியன், ஓய்வு பெறும் அன்று திறமையை வீணடித்தவர் என்றால் எப்படி? 2017-ல் கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் ஒகுஹாராவும் நம் சிந்துவும் 110 நிமிடம் ஆடினார்களே, அந்த மாதிரி இறுதிப் போட்டியைப் பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டும். அதற்கும் 'சிந்து ஏமாற்றம்' என்றுதான் தலைப்பு. ஜெயித்தவரின் பெயர் கடைசிப் பத்தியில் இருந்தது. ரியோவில் தகாஹாஷி - மட்சுடோமோ ஜோடி கடைசி செட்டில் 16-19 என்று பின்தங்கியிருந்து ஜெயித்து, பேட்மின்டனில் ஜப்பானுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்ததை உங்கள் இதழில் தேடித் தேடிப் பார்த்தேன். அப்போதும் கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. கிரிக்கெட்டுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு இடம்தான் இல்லை, மரியாதையாவது கொடுக்கலாம் அல்லவா?

என் வேண்டுகோள் சின்னதுதான். மொமோட்டா 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் உலக சாம்பியன் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்படியே படத்தையும் மாற்றிப் போடுங்கள். மொமோட்டா இடது கை ஆட்டக்காரர். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இருப்பவர் வலது கையால் சர்வீஸ் போடுகிறார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், ஷட்டில் பயிற்சியாளர்,
ஈரோடு.