ஆசிரியராகப் பொறுப்பேற்கும் சுற்றுச்சூழல் செய்தியாளருக்கு

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். இத்தனை ஆண்டுகள் களத்தில் செய்தி சேகரித்துவந்த நீங்கள், இணைய இதழொன்றின் சுற்றுச்சூழல் ஆசிரியராகப் பொறுப்பேற்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். வாழ்த்தோடு ஒரு வேண்டுகோளும் உண்டு: பழைய செய்திகளைத் தேடித் திரும்பிப் போக உங்கள் செய்தியாளர்களுக்கு நேரம் கொடுங்கள்.

2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குழாய் உடைந்து கலமசூ ஆற்றில் எண்ணெய் கலந்தபோது, அதே ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் நடந்த பெரும் எண்ணெய்க் கசிவைப் பற்றியே ஊடகங்கள் பேசிக்கொண்டிருந்தன. 'இன்சைட்கிளைமேட் நியூஸ்' என்ற சிறிய இணைய இதழ் 2012இல் அந்த ஆற்றைப் பற்றி விரிவான தொடரை வெளியிட்டது. குழாயில் ஓடியது வழக்கமான கச்சா எண்ணெய் அன்று; மெல்லிய கரைப்பான் சேர்த்து இளக்கப்பட்ட, தார் போன்ற பிட்டுமென். கரைப்பான் ஆவியாகிவிட, கனமான பிட்டுமென் ஆற்றின் அடியில் படிந்ததால், மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் முறைகள் அங்கே போதவில்லை. குழாய் உடைந்ததை நிறுவனம் உணரவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தொடருக்கு 2013இல் அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு கிடக்கட்டும், விபத்து நடந்த வாரத்தோடு விஷயத்தை மூடியிருந்தால், அடியில் தங்கிய எண்ணெயைத் துப்புரவாக்க ஆண்டுக்கணக்காகும் என்பது எப்படித் தெரிய வந்திருக்கும்?

மணிக்கொரு முறை வாசகர் எண்ணிக்கையைக் காட்டும் திரை உங்கள் மேசையிலும் இருக்கும். அது இத்தகைய வேலைக்கு ஒருபோதும் பரிந்துரை செய்யாது. அதை மீறி நேரம் ஒதுக்குவதே, என் கணிப்பில், ஆசிரியருக்குரிய முதல் வேலை.

திரும்பிப் பார்ப்பதற்கு இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. 1972 முதல் சேர்ந்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இல் இலவசமாக்கப்பட்டன. ஒரே காட்டின் பல பத்தாண்டு மாற்றத்தை இருந்த இடத்திலிருந்தே ஒப்பிடலாம். ஆயினும், வரைபடத்தில் 'மர மூடாக்கு இழப்பு' என்று சிவப்பாகத் தெரிவது இயற்கைக் காட்டின் அழிவாகவும் இருக்கலாம், நட்டு வளர்த்த தைலமரத் தோட்டத்தின் அறுவடையாகவும் இருக்கலாம். நேரில் போய்ப் பார்த்த ஒருவர் உறுதிசெய்யும்வரை அதைக் காடழிப்பு என்று தலைப்பிட அனுமதிக்காதீர்கள். (அழகான வரைபடங்கள் ஆசிரியர்களையே முதலில் மயக்குகின்றன.)

வெளியான கட்டுரையில் பிழை தெரிந்தால், யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடும் வசதி இணையத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், எது, எப்போது திருத்தப்பட்டது என்பதைக் கட்டுரையிலேயே குறிப்பிடுங்கள். மறுப்புக் கடிதம் அனுப்பும் நிறுவனங்களுக்கு அதுவே சரியான விடை.

இன்னொன்றும் உண்டு. கைப்பேசியில் எடுத்த படங்களுக்குள் எடுத்த இடத்தின் குறியீடு ஒளிந்திருக்கக்கூடும். அரிய உயிரினத்தின் படமானால் அது வேட்டைக்காரருக்கு வழிகாட்டும். தகவல் தந்தவரின் படமானால் அவரையே காட்டிக்கொடுக்கும். பதிவேற்றும் முன் அதை நீக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். எல்லோருடைய வேலையாகவும் விட்டால் அது நடக்காது.

அன்புடன்,
உங்கள் பழைய சக பணியாளர்