அடுத்த தொற்று வருமுன்: தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்கட்கு,

தொற்றுநோய்க் காலத்தில் ஒரு நூதனசாலை தன்னைச் சுற்றி வாழும் மக்களுக்கு என்ன செய்யக்கூடும் என்பதை, நோய் வந்தபின் அவசரத்தில் யோசிப்பதைவிட, கதவுகள் திறந்திருக்கும் இப்போதே யோசிப்பது நல்லது என்பதால் இதனை எழுதுகிறேன். என் வேண்டுகோள் குறிப்பாகக் கொழும்பு, புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலையைப் பற்றியது. 1877இல் கறுவாத்தோட்டத்தில் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக்குப் பாடசாலைப் பிள்ளைகள் தூர இடங்களிலிருந்து பேருந்துகளில் வருகிறார்கள். பிரின்ஸ் வீதிக் கட்டடமோ மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும் கடைச் சிப்பந்திகளும் நாளாந்தம் கடந்து போகும் வழியில் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கட்டடம், அநாதை இல்லமாகவும் மருத்துவமனையாகவும் தபாலகமாகவும் இருந்து, 1982இல் நூதனசாலையானது. கொழும்பின் நோய் வரலாற்றைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் நகரில் இல்லை என்பது என் கருத்து.

1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. எலித் தெள்ளினால் பரவும் அந்நோய், துறைமுகத்தில் இறங்கிய தானியத்தையும் அரிசிக் கிடங்குகளையும் பின்தொடர்ந்து, செட்டியார் தெருவையும் புறக்கோட்டையையும் அண்டிய நெருக்கமான குடியிருப்புகளைத் தாக்கியது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து பெருந்தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் தமிழகக் கரையின் மண்டபம் முகாமில் மறிக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனையின் பின்னரே கடல் கடக்க விடப்பட்டார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் கொவிட் தொற்று வெளிப்பட்டபோது, மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ் எனக் கொழும்பு வடக்கின் பொலிஸ் பிரிவுகள் அடுத்தடுத்து முடக்கப்பட்டன. நாட்கூலியை நம்பிய வீடுகளில் அன்றைக்கே வருமானம் நின்றது. தோட்டம் என்று அழைக்கப்படும் அந்த நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் ஒரே குழாயையும் ஒரே கழிப்பறையையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் நிலையில், இடைவெளி பேணுங்கள் என்ற அறிவுரை அவர்களால் எப்படிக் கடைப்பிடிக்கப்பட்டிருக்க முடியும்? ஆனால் வெளியே பேசப்பட்டதோ அவர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றித்தான்.

1914ஐயும் 2020ஐயும் ஒரே சுவரில் அருகருகே வைத்து, நோய் எதனால் பரவியது, யார் மீது பழி போடப்பட்டது என்று தமிழிலும் சிங்களத்திலும் விளக்கும் ஒரு நிரந்தரக் காட்சி அமையுமானால், அடுத்த தொற்றின்போது வதந்திக்கு முன்னால் நிற்க மக்களிடம் ஏதோ ஒன்று இருக்கும். சுகாதாரத் திணைக்களத்தின் சுவரொட்டி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். ஏன் இந்தத் தெருக்கள் திரும்பத் திரும்ப முதலில் அடைபடுகின்றன என்பதை அது சொல்லாது. அந்தப் பணி நூதனசாலையினுடையது.

இக்காட்சிக்கு உங்களிடம் ஏற்கெனவே பொருள் உண்டு. நோயை உண்டாக்குவதாக நம்பப்பட்ட பதினெட்டுச் சன்னிப் பேய்களின் முகமூடிகளைச் சுற்றுலாப் பயணிகள் கைவினைப் பொருளாகப் பார்த்துப் போகிறார்கள். காய்ச்சலையும் வாந்தியையும் பித்தையும் ஒரு சமூகம் பெயரிட்டு எதிர்கொண்ட ஆவணமாக அவற்றை விளக்கலாம்.

சேர்க்க வேண்டியவையும் உண்டு. கொவிட் தொற்றால் இறந்தவர்களை, அடக்கம் செய்வதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்கள் உட்பட, கட்டாயமாக எரிக்க வேண்டும் என்ற 2020 ஏப்ரல் உத்தரவு, 2021 பெப்ரவரியில்தான் விலக்கப்பட்டது. அதன்பின் கிழக்கு மாகாணத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அந்த மாதங்களில், பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் உடல் எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பொரளை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பின் அடையாளமாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கட்டாய எரிப்புக்காக 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு அரசின் கோப்பில் இருக்கும். எதற்காகக் கோரப்பட்டது என்பதை அடுத்த தலைமுறைக்குக் காட்டும் துணியும், ஊரடங்கு அனுமதிச் சீட்டும், நிவாரண அட்டையும், அக்குடும்பங்களின் வாய்மொழியும் நூதனசாலையில்தான் இருக்க வேண்டும். அவற்றை அவர்களின் சம்மதத்துடன், அவர்களின் மொழியிலேயே பதிவுசெய்ய வேண்டும். துயரத்தைப் படம்பிடித்துப் போவது ஆவணமாக்கல் ஆகாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: மருந்துக்கும் அரிசிக்கும் பணமில்லாத நாளில் நூதனசாலைக்கு என்ன அவசரம்? நியாயமான கேள்விதான், முடக்கக் காலத்தில் அரிசிக்கே முதலிடம். அதனாலேயே செலவு குறைந்த வழிகளைக் கேட்கிறேன். கதவு மூடும் நாளில் இணையவழிச் சுற்றுலாவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே கைபேசியில் மூன்று பிள்ளைகள் பாடம் படித்த வீடுகளுக்கு அது எட்டாது. தமிழ் வானொலியில் வாரம் ஒரு சிறு உரை, நிவாரணப் பொதியோடு போகும் ஓர் அச்சுத் தாள், சாதாரணக் கைபேசியில் கேட்கக்கூடிய ஒலிப்பதிவு என்பன போதும். 1,80,000க்கும் அதிகமானோரைப் பீடித்த 2017இன் டெங்கு, நெருக்கடி என்பது கொவிட் மட்டுமல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டது. மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோடு சேர்ந்து, டெங்கு மழைக்காலத்திலேயே இம்முறையைச் சோதித்துப் பார்க்கலாம்.

தமிழில் சரளமாக எழுதவும் பேசவும் வல்ல ஓர் அலுவலரை இப்பணிக்குப் பொறுப்பாக நியமித்து, கொழும்பு வடக்கின் கோவில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களையும் சனசமூக நிலையங்களையும் ஆலோசனைக்கு அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைப்பு வந்தால், வெள்ளிக்கிழமை தவிர்ந்த எந்த மாலையிலும் எங்கள் பகுதியினர் பிரின்ஸ் வீதிக்கு வரத் தயார்.

இவ்வண்ணம்,
கொட்டாஞ்சேனை வாசி ஒருவர்
கொழும்பு 13