முள்ளைப் பிடுங்கிய கதை

தெப்பக்குளம், மதுரை.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. முழங்கால் வலிக்கு இன்னும் தைலம்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறாய் என்று படித்ததும் கோபம் வந்தது. முதலில் டாக்டரைப் போய்ப் பார். இங்கே எல்லோரும் சுகம். சாயங்காலமானால் தெப்பக்குளச் சுவரில் காற்று வாங்க உட்கார இடம் கிடைப்பதில்லை, அது ஒன்றுதான் குறை.

பேத்திக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. "மாமா, நீங்கள்தானே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர்" என்று மருமகள் சிரித்துக்கொண்டே ஒப்படைத்துவிட்டாள். மூன்று நிமிடம் பிந்தினாலே டிரிப் ஷீட்டோடு உன்னை நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பத்து நாள் தோற்றேன்.

டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டியில் 2:50 என்று ஒளிர்ந்தது. "இரண்டரை மணி, தாத்தா" என்றாள். இல்லையம்மா என்றேன். "நூறு ரூபாயில் பாதி ஐம்பது என்று கடையில் நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று மடக்கினாள். என்ன பதில் சொல்வது? முழுசு அறுபது என்பதை அந்தப் பெட்டி எங்கே காட்டுகிறது? எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மணி பார்க்கத் தெரிந்துவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

சரி, சுவர்க் கடிகாரத்துக்குப் போவோம் என்று போனால் அங்கே வேறு தகராறு. மணி 2:55. அவள் 3:55 என்றாள். "சின்ன முள் எந்த எண்ணில் இருக்கிறதோ அதுதான் மணி" என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த நேரத்தில் சின்ன முள் மூன்றைத் தொட இரண்டரை டிகிரிதான் பாக்கி. பிள்ளையின் கண்ணில் பிழையில்லை, என் பாடத்தில்தான் பிழை. சின்ன முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில்லை, நிமிடத்துக்கு அரை டிகிரியாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இத்தனை வருடம் கடிகாரத்தின் அடியிலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை.

அன்று இரவே பரணிலிருந்த பழைய கடிகாரத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, பெரிய முள்ளையும் விநாடி முள்ளையும் நெம்பி எடுத்துவிட்டேன். பாட்டரி போட்டு, சின்ன முள்ளை மட்டும் ஓடவிட்டேன். உன் தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வாரம் வீட்டில் நிமிடம் என்ற பேச்சே இல்லை. "இரண்டும் கொஞ்சமும்", "மூன்றைத் தொடப்போகிறது" என்று பேத்தி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள், தானாகவே "இரண்டே முக்கால்" என்றாள்!

இதில் நம் தமிழுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் "குவார்ட்டர் டு த்ரீ" என்கிறார்கள். வாய் மூன்று என்கிறது, டிஜிட்டல் பெட்டி 2:45 என்கிறது. எது சரி என்று பிள்ளை முழிக்காமல் என்ன செய்யும்? இரண்டே முக்கால் என்றால், மூன்று அடிக்கும்வரை இரண்டு நம் வாயை விட்டுப் போவதில்லை. சின்ன முள்ளும் அதே கதையைத்தான் சொல்கிறது.

பிறகு பெரிய முள்ளை மாட்டினேன். ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்திருந்ததால் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். மகனை வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில் 21 மணியைப் பார்த்துத் திகைத்தாள். பன்னிரண்டைக் கழி என்றேன், முடிந்தது. 00:15தான் அவளுக்குப் பெரிய வேடிக்கை. "மணியே இல்லையா, தாத்தா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 14ஆம் தேதி 00:15 வண்டிக்கு டிக்கெட் வாங்கிய என் மைத்துனர், 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு, பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனவர். வண்டி முந்தின ராத்திரியே போய்விட்டிருந்தது.

நேற்றுக் காலை பால் வாங்கப் போனவன் டீக்கடையில் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் வாசலில் நிற்கிறாள், கையில் நோட்டு. "ஆறேகாலுக்கு வர வேண்டியவர். ஒன்பது நிமிடம் லேட். காரணம்?"

உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து சேர்.

உன்,
பழைய டைம் கீப்பர்