செயின்ட் பாலில் லீஃப் எரிக்சன் தினம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, குப்பை கொட்டப் போவதற்குக்கூட ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா?

நேற்று அக்டோபர் 9, லீஃப் எரிக்சன் தினம். அவர் நார்ஸ் இனத்துக் கடலோடி, அதாவது பழங்கால ஸ்காண்டிநேவியர். லீவெல்லாம் கிடையாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டதிலிருந்து ஜனாதிபதி வருஷா வருஷம் ஓர் அறிவிப்பு விடுகிறார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் நார்வே, ஸ்வீடன் வம்சாவளியினர் ஏராளம். அவர்களிடம் போய், நீங்கள் எங்களை ஒப்பிக்க வைத்த கொலம்பஸ் பாடத்தைச் சொல்லிவிடாதீர்கள்! கொலம்பஸுக்குச் சுமார் 500 வருஷம் முன்பே கிரீன்லாந்திலிருந்து இந்தக் கண்டத்துக்கு வந்தவர் லீஃப். கட்டுக்கதை என்று சிரித்தவர்களும் உண்டு. 1960இல் ஹெல்கே இங்ஸ்டாட் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பழைய குடியிருப்பின் தடயத்தைக் கண்டார். அவர் மனைவி ஆன் ஸ்டீன் அங்கே அகழாய்வு நடத்தி, அது நார்ஸ் மக்களுடையதுதான் என்று நிறுவினார். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021இல் வெட்டப்பட்டவை என்று பிற்பாடு கணக்கிட்டிருக்கிறார்கள்.

மாநிலத் தலைநகரான இந்த செயின்ட் பாலில், சட்டமன்ற வளாகத்தில் லீஃபுக்கு 1949இல் வைத்த வெண்கலச் சிலை இருக்கிறது. பீடத்தில் ‘அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர்’ என்று பொறித்திருக்கிறார்கள். டகோடா பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில் இப்படி எழுதி வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

ஆனால் அப்பா, இந்தத் தேதிக்கும் லீஃபுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1825 அக்டோபர் 9 அன்று ‘ரெஸ்டோரேஷன்’ என்ற சின்னக் கப்பல் நார்வேயின் ஸ்டவாங்கரிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்தது. கும்பலாகக் குடியேற வந்த முதல் நார்வேக்காரர்கள் அவர்கள்தான். ஏறியவர்கள் 52 பேர், இறங்கியவர்கள் 53. நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அத்தனை சின்னக் கப்பலில் சட்டம் அனுமதித்ததைவிட அதிக ஆட்கள் என்று வந்ததும் வராததுமாக அபராதம் போட்டுவிட்டார்கள். பிறகு ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மன்னிப்பு வழங்கினார். விசா வரிசையில் நின்ற எனக்கு லீஃபைவிட இவர்கள்தான் நெருக்கமாகத் தெரிகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி சாயந்திரம் லெஃப்ஸா என்ற நார்வே ரொட்டி செய்து கூப்பிட்டார். அம்மாவிடம் சொல்லுங்கள்: உருளைக்கிழங்கை மசித்து, வெண்ணெயும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, வரிவரியாகக் கோடு வெட்டிய கட்டையால் போளியைவிட மெல்லிசாகத் தேய்க்கிறார். பிய்ந்துவிடாமல் நீளமான தட்டைக் குச்சியால் தூக்கி, பெரிய வட்டக் கல்லில் போடுகிறார். வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தந்தார். சின்னவன் மூன்று சாப்பிட்டான். நான் என் பங்குக்கு எலுமிச்சை ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டேன். பாட்டி முகம் சுளித்தார், அப்புறம் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஊறுகாய் தீரப்போகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்