பேனா வரைந்த தெருவும் தெருவில் பிடித்த குரலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘பெரியவர்களுக்கான பொம்மைப் படங்கள்’ என்ற தலைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஹிப்பி காலத்து அனிமேஷன் படங்களைப் பற்றித் தமிழில் ஒருவர் நான்கு பக்கம் எழுத முன்வந்ததே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த நான்கில் மூன்று பக்கத்தைத் தணிக்கைக்கே கொடுத்துவிட்டு, அந்தப் படங்கள் விட்டுச்சென்றது கெட்ட வார்த்தை பேசும் சுதந்திரம் மட்டுமே என்பதுபோல் கட்டுரை முடிந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை எடுத்துச் செய்த சென்னை ஸ்டுடியோ ஒன்றில் பதினோரு ஆண்டுகள் ‘இன்பிட்வீன்’ வரைந்தவன் நான். அதாவது, மூத்த ஓவியர் வரைந்த இரண்டு முக்கிய நிலைகளுக்கு இடையில் வரவேண்டிய படங்களை லைட் பாக்ஸின்மேல் தாளை வைத்து நிரப்பியவன். அந்த நாற்காலியிலிருந்து பார்க்கும்போது இந்தப் படங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

முதலில் ஒரு தகவல் பிழை. பேசும் பூனையை நாயகனாக வைத்து அமெரிக்க இயக்குநர் ரால்ஃப் பக்‌ஷி இயக்கி 1972ல் வெளிவந்த ‘ஃப்ரிட்ஸ் தி கேட்’ உலகின் முதல் வயதுவந்தோர் அனிமேஷன் படம் அன்று. அமெரிக்கச் சான்று முறையில் பெரியவர்களுக்கு மட்டும் என்று பொருள்படும் ‘எக்ஸ்’ எழுத்தை வாங்கிய முதல் முழுநீள அனிமேஷன் படம், அவ்வளவுதான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவின் முஷி ஸ்டுடியோ ஆயிரத்தோர் இரவுகள் கதையைப் பெரியவர்களுக்கென்றே படமாக்கி ஜப்பானில் திரையிட்டிருந்தது. அந்த ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் 1968ல் அறிமுகமானபோது ஆபாசத்தின் முத்திரையாக வரவில்லை. மற்றச் சான்றெழுத்துகளைப் போல அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைக்காததால், யார் வேண்டுமானாலும் தங்கள் படத்துக்குத் தாங்களே ஒட்டிக்கொள்ள முடிந்தது. நீலப்படக்காரர்கள் ஒன்றுக்கு மூன்றாக ஒட்டிக்கொண்டார்கள். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் வட்டத்துக்குள் போட்ட ‘ஏ’ கதாநாயகன் முகத்தைவிடப் பெரிதாக இருந்த காலைக்காட்சிக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஃப்ரிட்ஸை விற்றவர்களும் அந்த எழுத்தைக் காட்டித்தான் விற்றார்கள்; பல நாளிதழ்கள் அதே எழுத்தைக் காட்டித்தான் விளம்பரத்தை மறுத்தன. கட்டுரையாளரும் அங்கேயே நின்றுவிட்டார் என்பதுதான் என் மனக்குறை.

படம் தொடங்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் உயரத்தில் ஒரு சாரத்தின்மீது கட்டடத் தொழிலாளர்கள் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து, பிள்ளைகள் போகும் போக்கைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து சிறுநீர் கழிக்க, அது கீழே போகும் நீண்ட முடிக்காரன் ஒருவன் தலையில் விழுகிறது. கட்டுரை சிறுநீரை மட்டும் சொல்கிறது. எனக்கு அந்தக் காட்சியில் பெரிதாகப்படுவது அந்தப் பேச்சு. பக்‌ஷி டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு போய், தெருவிலும் மதுக்கடையிலும் உண்மையான மனிதர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்து, அந்தப் பதிவின்மேல் படம் வரைய வைத்தார். ஸ்டுடியோவுக்குள் பயிற்சி பெற்ற நடிகர் ஒவ்வொரு வரியாகத் தெளிவாகப் பேசித் தரும் குரலுக்கு வாய் வரைவது எளிது. எந்தப் பிரேமில் எந்த ஒலி என்று எக்ஸ்போஷர் ஷீட்டில் குறித்துத் தந்துவிடுவார்கள். பாதி விழுங்கிய சொல்லுக்கும், ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கிடும் பேச்சுக்கும் வாய் வரைந்தவர்களுக்குத்தான் அதிலுள்ள தலைவலி தெரியும். அந்தத் தலைவலியை ஒருவர் வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டார். பூனையும் காகமும் பேசுகின்றன, ஆனால் காதில் விழுவது அந்த ஊர்.

அடுத்தது பணம். இன்பிட்வீன் எல்லாம் முடிந்ததும், வண்ணம் தீட்டுவதற்கு முன், பென்சில் படங்களை மட்டும் கேமராவில் எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பென்சில் டெஸ்ட் என்று பெயர். நடை தடுக்கினாலும் தோள் துள்ளினாலும் அங்கேயே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். ஃப்ரிட்ஸின் பெரும்பகுதிக்கு அந்த வசதி இல்லை. தாள்களை விரலிடுக்கில் பிடித்துப் புரட்டிப் பார்த்தே ஒரு முழுநீளப் படத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது. நான் இருபது விநாடிக் காட்சியையே அப்படி அனுப்பத் துணிந்ததில்லை. பக்‌ஷி இந்தத் தொழிலுக்குள் வந்ததே டெர்ரிடூன்ஸ் ஸ்டுடியோவில் செல் தாள்களில், அதாவது படங்களைப் படியெடுத்து வண்ணம் தீட்டும் கண்ணாடித் தாள்களில், படிந்த தூசியைத் துடைக்கும் வேலைக்குத்தான் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு சின்னப் பெருமை.

படத்தின் பின்னணிகளைப் பாருங்கள். நகரத்தின் தெருக்களைப் புகைப்படமாக எடுத்து, அவற்றின் கோடுகளை ராப்பிடோகிராஃப் பேனாவால் செல் தாளில் படியெடுத்து, அதன் அடியில் நீர்வண்ணம் தீட்டினார்கள். நம் ஊர் வரைவாளர்கள் பொதுவாக ரோட்ரிங் பேனா என்று சொல்லும் அதே வகைப் பேனாதான். மூலச் சித்திரக்கதையை வரைந்த ராபர்ட் கிரம்புக்குப் பிடித்த பேனாவும் அதுவே. தீயணைப்பு ஏணி, குப்பைத்தொட்டி, கடைப்பலகை எல்லாம் அளவு மாறாமல் இருக்கின்றன. வண்ணம் மட்டும் கோட்டைத் தாண்டி வழிகிறது. நுணுக்கமான தெருவையும் அதில் நடக்கும் கோணல்மாணலான பூனையையும் ஒரே சட்டகத்தில் பார்க்கும்போது வருகிற சங்கடம்தான் இந்தப் படத்தின் ‘வயது வந்த’ தன்மை என்று நான் நினைக்கிறேன்.

இது பக்‌ஷி ஒருவரின் சாமர்த்தியம் மட்டுமன்று. 1973ல் எய்ச்சி யமமோட்டோ இயக்கிய ‘பெல்லடோனா ஆஃப் சாட்னெஸ்’ படத்தில் பெரும்பகுதி அசைவதே இல்லை. நீளமான நீர்வண்ண ஓவியத்தின்மேல் கேமரா மெல்ல நகர்கிறது, சுருளோவியத்தை யாரோ நமக்கு முன்னால் விரித்துக்கொண்டே போவதுபோல. அதனாலேயே எப்போதாவது ஒரு கோடு அசையும்போது உடல் சிலிர்க்கிறது. அதை எடுத்த முஷி ஸ்டுடியோ அதே ஆண்டு திவாலானது. ரெனே லாலூவும் ரோலாந் தோப்போரும் பிராகில் இர்ஷி த்ரின்கா ஸ்டுடியோவில் உருவாக்கி, 1973ல் கான் விழாவில் சிறப்புப் பரிசு பெற்ற ‘ஃபென்டாஸ்டிக் பிளானட்’ வெட்டிய தாள் உருவங்களை நகர்த்தி எடுத்தது. நீல நிற ராட்சதர்கள் மனிதர்களைச் செல்லப்பிராணிகளாக வளர்க்கும் அந்த உலகத்துக்கு அந்த விறைப்பான அசைவு எவ்வளவு பொருந்துகிறது! பக்‌ஷியே 1977ல் ‘விஸார்ட்ஸ்’ எடுத்தபோது போர்க்காட்சிகளுக்குப் பணம் போதாமல் பழைய போர்ப்படங்களின் காட்சிகளை ரோட்டோஸ்கோப் செய்து நிழலுருவங்களாக்கினார். நடிகரைப் படம்பிடித்து அதன்மேல் வரையும் ரோட்டோஸ்கோப், மாக்ஸ் ஃப்ளைஷர் 1915லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. கட்டுரை அதைக் ‘குறுக்குவழி’ என்கிறது. குறுக்குவழிதான், அந்தக் கோட்டில் ஒரு நடுக்கமும் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த இருண்ட படை திரை நிறைய வரும்போது அந்த நடுக்கமே அச்சமாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதைக்கு அதையே படம் முழுக்கப் பயன்படுத்தியபோது அது பல இடங்களில் சலித்துப்போனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறைகளை மறைக்க நான் எழுதவில்லை. ஃப்ரிட்ஸில் பெண் பாத்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆணின் வசதிக்காக வருகின்றன. மோட்டார் சைக்கிள் கும்பல் குதிரைப் பெண்ணைச் சங்கிலியால் அடிக்கும் காட்சி எதற்காக அவ்வளவு நீள்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கறுப்பின மக்களைக் காகங்களாக வரைந்தது பழைய கேலிச்சித்திர மரபைக் குத்திக்காட்டுவதா, அதையே தொடர்வதா என்ற கேள்வியும் நியாயமானது. கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காக பக்‌ஷியின் 1975ன் ‘கூன்ஸ்கின்’ படத்துக்கு எதிர்ப்பு எழுந்து, அதை வெளியிடவிருந்த பாரமவுண்ட் நிறுவனம் கைகழுவியதை வெறும் தணிக்கைத் தொல்லை என்று கட்டுரை ஒதுக்கியிருக்கக் கூடாது. கிரம்புக்கோ ஃப்ரிட்ஸ் படம் அறவே பிடிக்கவில்லை. அதே 1972ல் தன் சித்திரக்கதையில் அந்தப் பூனையைத் திரைப்பட நட்சத்திரமாக்கி, ஒரு நெருப்புக்கோழிப் பெண்ணின் கையால் ஐஸ் உடைக்கும் ஊசியில் குத்திக் கொன்றுவிட்டார். படைத்தவரும் படமெடுத்தவரும் ஒரே மனதாக இருந்ததுபோலக் கட்டுரை எழுதியிருப்பது சரியன்று. என்னைக் கேட்டால் பக்‌ஷியின் சிறந்த படம் ஃப்ரிட்ஸே அல்ல, 1973ல் வந்த ‘ஹெவி டிராஃபிக்’. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மரபு என்று கட்டுரை சொல்வது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் வசைமொழியை. நான் வேறு இடத்தைக் காட்டுவேன். 1989ல் நிக் பார்க் எடுத்த ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ குறும்படத்தில் களிமண் மிருகங்கள் பேசுவது நடிகர்களின் வசனம் அல்ல. சாதாரண மனிதர்களைப் பேட்டி கண்டு பதிவு செய்த பேச்சு. 2008ல் வந்த ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ முன்னாள் போர்வீரர்களின் நேர்காணல்களிலிருந்து வரையப்பட்டது. ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 2001ம் ஆண்டுப் படம் ‘வேக்கிங் லைஃப்’ ரோட்டோஸ்கோப்பைக் கணினிக்குக் கொண்டுவந்து, அந்தக் கோட்டு நடுக்கத்தைக் கனவின் மொழியாகவே மாற்றியது. இவர்கள் எல்லோரும் பக்‌ஷியின் சீடர்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அனிமேஷன் கலைஞர்களான ஹப்லி தம்பதியர் 1959லேயே தங்கள் பிள்ளைகள் விளையாடும்போது பேசியதைப் பதிவு செய்து ‘மூன்பேர்ட்’ எடுத்து ஆஸ்கர் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் திருத்தப்படாத குரலையும் கச்சிதமற்ற கோட்டையும் முழுநீளப் படமாக்கித் திரையரங்குக்குக் கொண்டுபோனால் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அமெரிக்காவில் காட்டியது அந்தப் பூனைதான்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையின் முதல் பக்கத்தில் பெரிதாக வெளியிட்டிருக்கும் நிழற்படம் 1972ம் ஆண்டுப் படத்தினுடையது அன்று. 1974ல் ராபர்ட் டெய்லர் இயக்கிய இரண்டாம் பாகத்தினுடையது. அதில் பக்‌ஷிக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர் பெயரை அதன் அடியில் அச்சிட்டிருப்பதை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய இன்பிட்வீன் ஓவியன் ஒருவன்,
போரூர், சென்னை.