மருமகன் டில்லிக்குப் போன கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இலங்கையை எப்படி எடுத்துக்காட்டலாம் என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கொழும்புத் துறைமுக நகரின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர், 2021ஆம் ஆண்டின் விசேட சட்டம், வரிச்சலுகைகள் எல்லாம் விளக்கமாக இருந்தன. அவற்றோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் கட்டுரையில் வந்தவர்கள் எல்லோரும் விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள். வாசித்து முடித்தபோது என் மனதில் வந்து நின்றவன் வெள்ளவத்தையிலேயே இருக்கிற என் தங்கை மகன்.

நான் புறக்கோட்டையில் முப்பத்திநான்கு வருடம் கணக்கு எழுதியவன். மருமகனுக்குக் கணினி மென்பொருள் வேலை. இரண்டு நண்பர்களோடு ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, ஐரோப்பாவில் உள்ள களஞ்சியம் ஒன்றுக்குச் சரக்கிருப்பைக் கணக்கெடுக்கும் மென்பொருளை எழுதிக் கொடுக்கிறான். தொழிலை முறைப்படி பதிவுசெய்வோம் என்று இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்குப் போனான். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்புக் கேட்டார்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போய் வாங்கிக் கொடுத்தான். அதில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து அடையாள அட்டையோடு பொருந்தவில்லை. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போனான். அப்போதுதான் அவன் நிரப்பிய தமிழ்ப் படிவம் பழையது, அதில் ஒரு பகுதியே இல்லை, ஆங்கிலத்தில் மறுபடி நிரப்ப வேண்டும் என்றார்கள்.

மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். கவுண்டருக்கு அப்பால் இருந்த பெண் மிகவும் மரியாதையானவர். தமக்குத் தமிழ் வாசிக்க வராது என்று சிங்களத்தில் வருத்தம் தெரிவித்து, எனக்கு இருக்கையும் காட்டினார். எங்கள் விபரங்களைக் கணினியில் பதிந்தார். பதிந்ததை அச்சிட்டார். அச்சிட்ட தாளில் கையொப்பம் வாங்கினார். பிறகு அதைப் போட்டோப்பிரதி எடுத்து வரும்படி தெருமுனைக் கடைக்கு அனுப்பினார். நாங்கள் திரும்பி வந்ததும் பிரதியில் முத்திரை குத்தி, கோப்பொன்றில் நூலால் கட்டினார். அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கணினி வாங்கினோமே தவிர, அது வந்த பிறகு எந்தக் கடதாசி தேவையில்லை என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

பதிவு ஒருவழியாக முடிந்தது. ஆனால் மருமகன் அதற்குள் வேறொரு வழியைக் கண்டுவைத்திருந்தான். எஸ்தோனியா என்ற சிறு ஐரோப்பிய நாட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்தான். கொழும்பில் அந்நாட்டுக்குத் தூதரகம் இல்லை. டில்லிக்குப் போய்க் கைவிரல் அடையாளம் கொடுத்து, ஓர் அட்டையை வாங்கி வந்தான். இலத்திரனியல் வதிவாளர் அட்டை என்று சொல்லலாம். அது குடியுரிமையும் இல்லை, விசாவும் இல்லை. அந்த நாட்டில் ஒரு கம்பனியைத் தொடங்கி, இங்கிருந்தே நடத்துவதற்கான திறப்பு, அவ்வளவுதான். தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த அட்டையைச் சிறு கருவியொன்றில் செருகி, இரகசிய இலக்கத்தை அழுத்தினான். கையொப்பம் முடிந்தது என்றான். நான் பேனா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே அந்த நாட்டைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அதன் சனத்தொகை சுமார் 13 இலட்சம். கொழும்பு மாவட்டத்தில் மட்டும் அதைவிடக் கூடுதலானோர் வசிக்கிறோம். 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டபோது கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1996இல் பாடசாலைகளுக்குக் கணினியும் இணையமும் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். 2000 முதல் கம்பனிகளின் இலாபத்தைப் பங்கிட்டு எடுக்கும்போது மட்டுமே அதற்கு வரி. தொழிலுக்குள்ளேயே விட்டுவைத்தால் வரி இல்லை. அடுத்த ஆண்டிலேயே அரசுத் திணைக்களங்களின் தகவல்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். 2005இல் நாடு முழுவதிலும் இணையத்தில் வாக்களிக்க வழிசெய்தார்கள். இவ்வளவையும் தங்கள் சொந்த மக்களுக்காகச் செய்து, அவர்களுக்கு அது பழகிப்போன பிறகுதான், 2014 டிசெம்பரில் அதே கதவை வெளியாருக்கும் திறந்தார்கள். என் மருமகன் நுழைந்தது அந்தக் கதவால்.

என்னை மிகவும் பிடித்துக்கொண்டது அவர்களுடைய ஒரு விதி. ஒரு தகவலை ஒருமுறை கொடுத்துவிட்டால் அரசு அதை மறுபடி கேட்கக் கூடாது. இந்த ஒரு வரியை நமது கவுண்டர்களில் நடைமுறைப்படுத்தினால் எத்தனை பேருடைய எத்தனை நாட்கள் மிஞ்சும்! இன்னொன்றும் இருக்கிறது. தன்னுடைய விபரங்களை எந்த அதிகாரி எடுத்துப் பார்த்தார் என்பதைக் குடிமகன் தானே பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் சறுக்கல்கள் உண்டு. 2025க்குள் ஒரு கோடி இலத்திரனியல் வதிவாளர்கள் என்று பெரிதாகக் குறிவைத்து, ஒரு இலட்சத்துச் சொச்சத்தில்தான் நிற்கிறார்கள். 2017இல் சுமார் 750,000 அடையாள அட்டைகளின் சிப்பில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரியவந்தது. அதை மூடி மறைக்காமல் பகிரங்கமாகச் சொல்லித் திருத்தினார்கள். அப்படிப்பட்ட நாட்டை நம்பித் தொழில் செய்யலாம் என்று எவருக்கும் தோன்றும்.

சிறிய நாடு என்றதும் நம்மவர்கள் சிங்கப்பூரைத்தான் இழுப்பார்கள். அதை நான் ஐம்பது வருடமாகக் கேட்டுவிட்டேன். நம்மிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லையா? மாலபேயில் நம் பிள்ளைகள் எழுதிய பங்குச்சந்தை மென்பொருளுக்காக, மிலேனியம் ஐ.ரி. என்ற நம் நாட்டுக் கம்பனியை 2009இல் லண்டன் பங்குச்சந்தை 30 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. பிறகு லண்டன் சந்தையின் பங்கு வியாபாரமே அந்த மென்பொருளில் நடந்தது. நம்முடைய பிரசுரங்களில் கடற்கரையும் யானையும் தேயிலையும் பார்த்துச் சலித்துவிட்டது. இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னோம்? 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்தபோது, பெரிய தொழிற்சாலைகளுக்காவது நடைமுறையைச் சுருக்கிக் கொடுக்க வேண்டும் என்ற புத்தி நமக்கு இருந்தது. வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுத்த சுருக்கத்தை வெளியே மாடி அறைகளில் இருக்கும் மூன்று பேருக்குக் கொடுக்க ஏன் இத்தனை வருடம்?

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே பிழையில்லாத தமிழ்ப் படிவத்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஹற்றனிலும் வவுனியாவிலும் பிறந்த பிள்ளை தன் பிறப்புச் சான்றிதழைக் காசு கொடுத்து மொழிபெயர்க்கவேண்டிய நாட்டை, உலகத்துக்கு இலகுவான நாடு என்று எந்த முகத்தோடு காட்டுவது?

சம்பந்தப்பட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முதலீட்டு மாநாட்டுக்கு மண்டபம் ஒழுங்குசெய்யும் முன், ஓர் உயரதிகாரி தமிழ்ப் படிவத்தை எடுத்து, சாதாரண ஆளாக வரிசையில் நின்று, ஒரு சிறு தொழிலைப் பதிவுசெய்து பார்க்கட்டும். எந்த இடத்தில் எத்தனை நாள் நின்றது என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பை உங்கள் பத்திரிகையிலேயே வெளியிடலாம்.

மருமகன் வருமான வரியை இங்கேதான் கட்டுகிறான்; நாட்டை விட்டுப் போகும் எண்ணமும் அவனுக்கு இல்லை. ஆனால் அவன் ஐரோப்பாவுக்கு அனுப்பும் கட்டணப் பட்டியல்களில் முகவரி எஸ்தோனியத் தலைநகர் தாலின் என்று இருக்கிறது. அவனோடு வேலை செய்யும் மற்ற இருவரும் இப்போது டில்லி போவதற்குத் திகதி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
நீண்டகால வாசகன்,
கொழும்பு – 06