அட்டையைப் படித்துவிடும் பிள்ளைகளையும் கொஞ்சம் பாருங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் பள்ளிக் கண் பரிசோதனையை நடத்தும் அதிகாரிகளுக்கும், பள்ளிகளுக்கு வரும் கண் மருத்துவ உதவியாளர்களுக்கும் வணக்கம்.

பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஆறு மீட்டர் தள்ளி அட்டையை மாட்டி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லிப் படிக்க வைக்கிறோம். எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர் பெயர் உங்களுக்கு வரும், தெரிந்தவர் வகுப்புக்குப் போய்விடுவார். கண்ணாடி கொடுக்க இது போதும். உடம்பில் செம்பு சேர்ந்துவிடும் வில்சன் நோய் உள்ள பிள்ளை மட்டும் இதில் அகப்படாது. அந்த நோய் கண்ணில் தெரியும், ஆனால் பார்வையைக் கெடுக்காது.

சாப்பாட்டில் மிஞ்சும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். மரபணுக் கோளாறால் அது நடக்காவிட்டால் கல்லீரலிலும், அப்புறம் மூளையிலும், கருவிழி ஓரத்திலும் செம்பு படிகிறது. கருவிழி ஓரத்தில் அப்படி உண்டாகும் பழுப்பு வளையத்தைக் கண் மருத்துவர்களான கைசர் 1902-இலும் ஃபிளெய்ஷர் 1903-இலும் எழுதிவிட்டார்கள். வில்சன் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்தது 1912-இல்தான்! வளையம் மேல் ஓரத்தில் தொடங்கும். நம் பிள்ளைகளின் கரிய கண்ணில் டார்ச் அடித்தால் பெரும்பாலும் தெரியாது, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவி வேண்டும்.

அதைப் பள்ளிக்குத் தூக்கி வரச் சொல்லவில்லை. யாரை அதன் முன் உட்கார வைப்பது என்பதை எங்களிடம் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் கோட்டுக்குள் குண்டு குண்டாக எழுதிய பையன் ஒன்பதாம் வகுப்பில் கோணல்மாணலாக எழுதுவான். கை நடுங்கும், பேச்சு குழறும், வாயோரம் எச்சில் வழியும். நாங்கள் சோம்பேறி என்போம், வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். காமாலை என்றால் கீழாநெல்லியோடு சரி.

வளையம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடவும் கூடாது. கல்லீரல் மட்டும் பாதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்காது. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினும் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பும் பார்க்க வேண்டும். உறுதியானால் பென்னிசிலமைன், துத்தநாக மாத்திரை என்று வாழ்நாள் மருந்து இருக்கிறது. கூடப் பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும், நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அவர்களுக்கும் உண்டு. சொந்தத்துக்குள் கட்டினால் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பதால், அக்கா மகளைக் கட்டுவது இன்னும் நிற்காத ஊர்களில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நெட்டையாக, ஒல்லியாக, வருஷா வருஷம் பவர் ஏறும் பிள்ளை இருந்தால் மார்ஃபான் என்ற இன்னொரு மரபணு நோயாகவும் இருக்கலாம். லென்ஸ் விலகியிருக்கிறதா என்று பார்த்து, இதயத்துக்கு எக்கோவும் எடுக்கச் சொல்லுங்கள்.

படிவத்தில் 'கை நடுக்கம், பேச்சுக் குழறல், காமாலை' என்று ஒரு கட்டம் போட்டுத் தாருங்கள். டிக் அடித்து, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்புவது எங்கள் பாடு.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, பென்னாகரம் வட்டம்